முகிலாவின் தோசைக்கல்

அக்டோபர் 17, வெள்ளி

இந்தத் தீபாவளிக்கு யாரும் யாருக்கும் சுடிதார் எடுக்கக் கூடாது, பாத்திரம்தான் வாங்க வேண்டும் என்று முகிலா போட்ட சட்டம் இன்று நிறைவேறியது. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு முகிலா வந்தாள், முகிலாவுக்கு ஷெர்லின், ஷெர்லினுக்கு நான். மாலை பஸ் பிடிக்குமுன் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தோம்.

ஷெர்லின் எனக்கு இட்லிப் பானை தந்தாள். நான்கு தட்டு, கனமான எவர்சில்வர், மூடியில் நீராவி போக அழகாக ஒரு துளை. அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முகிலா தந்த குக்கரை ஷெர்லின் மடியில் வைத்துக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்!" என்று தடவிக்கொண்டே இருந்தாள். முகிலாவுக்கு நான் கொடுத்தது பிடி வைத்த இரும்பு தோசைக்கல். பிரித்ததும் கத்தினாள் பாருங்கள், கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"தமயந்திக்கா, இது என்றதா? எனக்கேதானா?"

இருபது வயதில் கம்மலுக்குக் குதித்தவர்கள். இப்போது குக்கருக்கும் கல்லுக்கும் குதிக்கிறோம். ஊரில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் மே மாதம் வரை லேடீஸ் ஹாஸ்டலில் கெட்டிலில் முட்டை வேகவைத்துத் தின்றவர்களுக்குத்தான் இந்த அருமை தெரியும். அந்தக் கெட்டிலையும் வார்டன் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஜூனில் கருமண்டபம் ஏரியாவில் இந்த மாடி வீடு கிடைத்தது. அதுவும் நான் தாலுகா அலுவலகத்தில் இருப்பதால் கிடைத்தது. "கவர்மென்ட் பொண்ணு, மூத்தவ. நீ பொறுப்புன்னா விடறேன்" என்றுதான் வீட்டுக்கார அம்மா சாவியைத் தந்தார்.

கல்லில் "அன்பளிப்பு: தமயந்தி" என்று பேர் வெட்டித் தரச் சொல்லிப் பெரிய கடைவீதியில் கேட்டேன். "இரும்புல வேண்டாம்மா, துருவும் எண்ணெயும் ஏறி ரெண்டு மாசத்துல மறைஞ்சிடும். எவர்சில்வர்னா காலத்துக்கும் நிக்கும்" என்றார் கடைக்காரர். சரி என்று வெறுமனே வாங்கி வந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளிக்கு மாயவரம் போன இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. புதுக்கோட்டை மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவர் பெயர் செழியன். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாது. பஜ்ஜியை ஆறவைத்துத் தின்றார்.

வந்ததும் இருவரிடமும் சொன்னேன். கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தை கடைசியில் கல்யாணம். ஷெர்லின் கொஞ்சம் அழுதாள். "நீங்க போனா எங்களுக்கு யாரு எக்கா?" என்றாள். முகிலா உடனே அவளை அதட்டினாள். "அக்கா இதே ஊர்லதான இருக்கப்போறாங்க? வாரா வாரம் தோசைக்கு வரச்சொல்லிப் போடலாம். அவங்க ரூமுக்கு எங்க பேங்க்ல ஒருத்திய நான் பாத்து வெச்சிருக்கேன்."

அக்டோபர் 30, வியாழன்

கல் இன்னும் பழகவில்லை. முகிலா தினமும் காலையில் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தித் தேய்தேய் என்று தேய்க்கிறாள். இரவு கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள். இன்றைய தோசையும் பிய்ந்துதான் வந்தது. உப்புமா என்று சொல்லித் தின்றோம்.

அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். சட்டம் இரண்டு: சோப்புப் போடக் கூடாது, சப்பாத்தி போடவே கூடாது. "காஞ்ச சூட்டுல சப்பாத்தி போட்டா கல்லு கோவிச்சுக்குமுங்க. அப்பறம் தோசை பிடிச்சுக்கும்" என்றாள். உடம்பு குறைக்க ராத்திரி சப்பாத்தி தின்னும் ஷெர்லினைப் பார்த்துச் சொன்னது அது. அவளுக்கென்று தனியாக ஒரு தவா இருக்கிறது, பிடி ஆடும் தவா.

நவம்பர் 9, ஞாயிறு

வாடகை கொடுக்கக் கீழே போனேன். வீட்டுக்கார அம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். கல்யாணம் ஆனபின் எங்கே இருக்கப்போகிறாய் என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"எதுக்கும்மா அலையணும்? இந்த வீட்டையே வெச்சுக்க. குடும்பமா இருந்தா எனக்கும் நிம்மதி. அந்தப் பொண்ணுங்களை வேற இடம் பாத்துக்கச் சொல்லிடு."

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். மாடிப்படி ஏறும்போதே செழியனுக்கு போன் செய்தேன். சந்தோஷப்பட்டார். அவருக்கு பஸ்ஸும் நேரே இருக்கிறதாம். தண்ணீர் நன்றாக வருமா என்று கேட்டார், வரும் என்றேன். அப்படியே முடிவாகிவிட்டது. நான் முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை.

மேலே வந்தபோது முகிலா முதல் முறையாகப் பிய்யாத தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கென்று எடுத்து வைத்ததாம். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளை சொல்ல வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

சொல்லவில்லை. முகிலாவுக்குத் தலைவலி.

நவம்பர் 16, ஞாயிறு

ஷெர்லினுக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிறும் டூட்டி. பிசியோதெரபி பார்ப்பவளுக்கே தோள்வலி. இருவரும் சேர்ந்து இருக்கும்போது சொல்வதுதான் முறை. தனித்தனியாகச் சொன்னால் தப்பாகப் போகும்.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா போனில் சீர்ப் பாத்திரம் என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். குடம், அண்டா, தாம்பாளம். குக்கர் என்று அவள் கேட்டபோது "வேண்டாம்மா, இங்க இருக்கு" என்றேன். தோசைக்கல் என்றாள். "அதுவும் வேண்டாம். நல்லாப் பழகின கல் ஒண்ணு இருக்கு."

போனை வைத்தபின்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. குக்கர் ஷெர்லினுடையது. கல் முகிலாவுடையது. அவர்கள் வெளியே போகும்போது எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதே எனக்குத் தோன்றவில்லை. போகிறவர்கள் அடுப்பில்லாத இடத்துக்குத்தான் போவார்கள் என்று என் மனம் எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. சே.

அறைக்குள் ஷெர்லின் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணியும் சேர்த்து.

டிசம்பர் 6, சனி

முகிலாவுக்கு பேங்க், ஷெர்லினுக்கு டூட்டி. எனக்கு விடுமுறை. வீடு பார்க்கச் செழியன் வந்தார். வீட்டுக்கார அம்மாவும் கூடவே வந்து ஜன்னல் எல்லாம் திறந்து காட்டினார். பால்கனி சின்னதாக இருக்கிறது என்றார் இவர். மற்றபடி பிடித்துவிட்டது. முகிலாவின் அறையை எட்டிப் பார்த்து, "இங்க பீரோ வைக்கலாம்" என்றார். அவளுடைய போர்வை மடிக்காமல் கிடந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். சோறு மீதமில்லை. சப்பாத்தி போதும் என்றார். ஷெர்லினின் தவா பிடி கழன்று கடையில் கிடக்கிறது. முதல்முறையாக என் கையால் சாப்பிடப்போகிறவரை எத்தனை நேரம் உட்கார வைப்பது? ஆணியிலிருந்து கல்லை எடுத்தேன். ஆறு சப்பாத்தி. பிறகு நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, இருந்த மாதிரியே மாட்டிவிட்டேன்.

சப்பாத்தி மெத்தென்று வந்தது என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்?

டிசம்பர் 7, ஞாயிறு

கல் காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் தோசை ஒட்டியது. இரண்டாவதும். நான்காவது தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு முகிலா அடுப்பை அணைத்தாள்.

"யாரு கல்லுல சப்பாத்தி போட்டது?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வழிந்ததற்குக் காரணம் வெங்காயம்தான்.

"நான் தொடவே இல்ல மக்கா" என்றாள் ஷெர்லின்.

"உன்ற தவா கடையிலதான கெடக்குது? அப்பறம் இந்த வாரம் பூரா எதுல போட்ட?"

"இந்த வாரம் நான் ஓட்ஸாக்கும் குடிச்சேன். எனக்கு எதுக்குக் கள்ளம் சொல்லணும்? எக்கா, நீங்க சொல்லுங்க. நான் போட்டதப் பாத்தீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியலடி. ஒரு கல்லுக்குப் போய் இப்படிச் சண்டை போடறீங்களே" என்றேன். பெரிய மனுஷி மாதிரி.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குப் போட்டாய் என்று கேட்பார்கள். அவர் எதற்கு வந்தார் என்று கேட்பார்கள். ஒரு சப்பாத்தியை இழுத்தால் வீடு முழுவதும் வந்துவிடும்.

டிசம்பர் 9, செவ்வாய்

இருவரும் பேசிக்கொள்வதில்லை. என் மூலமாகத்தான் பேசுகிறார்கள். "அக்கா, பால் வாங்கச் சொல்லுங்க." "எக்கா, வாங்கியாச்சுன்னு சொல்லுங்க."

டிசம்பர் 21, ஞாயிறு

ஷெர்லின் நாளை மார்த்தாண்டம் போகிறாள். கிறிஸ்துமஸ் பரிசை இன்றே தந்துவிட்டாள். எனக்குப் புட்டு அவிக்கும் குழல், அவர்கள் பேச்சில் புட்டுக்குட்டி. "கல்யாணம் கழிஞ்சு அண்ணனுக்கு அவிச்சுக் குடுங்க. அரிசிமாவு வறுக்கது எப்படின்னு நான் வீடியோ எடுத்து அனுப்புகேன்." இன்னொரு பெட்டியை முகிலாவின் முன்னால் வைத்தாள். பிரித்தால் புதுத் தவா. அகலமானது, பிடி ஆடாதது.

"நான் போடல மக்கா. ஆனா போட்டதா நீ நெனைக்க. இனி இந்த வீட்டுல சப்பாத்திக்குன்னு ஒரு நல்ல தவா இருக்கட்டும். உன் கல்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. போதுமா?"

முகிலா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "நானும் அவசரப்பட்டுட்டேன் ஷெர்லி. போட்டா போட்டுட்டுப் போற. மறுபடியும் பழக்கிக்கலாம்" என்றாள். மன்னித்துவிட்டாள், செய்யாத குற்றத்துக்கு. ஷெர்லின் அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டாள், சண்டை முடிந்தால் சரி என்று.

மூவரும் சேர்ந்துதான் கேக் வெட்டினோம். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இருவரும் சேர்ந்துதான் இருந்தார்கள். யாருக்கும் தலைவலி இல்லை. என்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை, அப்படியும் சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நிறுத்தி, "பொண்ணுங்ககிட்ட சொல்லிட்டியா? மாசக் கடைசியில வெள்ளையடிக்க ஆள் வருது" என்றார்.

"சொல்லிட்டேம்மா" என்றேன்.

என் வாயா அது?

ஜனவரி 11, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

பொங்கலுக்கு அவரவர் ஊருக்குப் போய்விடுவோம் என்பதால் இன்றே வீட்டுப் பொங்கல் வைத்தோம். முகிலா கோலம் போட்டாள். ஷெர்லின் தேங்காய் துருவினாள். பால் பொங்கி வரும் நேரம் வீட்டுக்கார அம்மா இரண்டு கரும்போடு மேலே வந்தார். நல்ல மனுஷி. நல்லதாகத்தான் பேசினார்.

"அடுத்த வருஷம் தமயந்திக்கு இதே வீட்டுல தலைப்பொங்கல்! மாப்பிள்ளைக்கு பால்கனிதான் சின்னதாப் பட்டுச்சு. அன்னிக்கு நீ போட்ட சப்பாத்தி வாசம் கீழ வரைக்கும் வந்துச்சே. நீங்க ரெண்டு பேரும் முப்பத்தொண்ணாம் தேதி சாவியைத் தமயந்திகிட்டயே குடுத்துடுங்கம்மா."

கரும்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை. ஷெர்லின் அடுப்பை அணைத்தாள்.

முகிலா வீட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். எத்தனை நாளாகத் தெரியும், எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று. அதற்கெல்லாம் மனதுக்குள் பதில் வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அக்கா, சப்பாத்தி போட்டது நீங்களா?"

தலையை ஆட்டினேன். அவள் ஷெர்லினைப் பார்த்தாள். ஷெர்லின் என்னைப் பார்க்கவே இல்லை, பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தீ இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே எக்கா" என்றாள் கடைசியில். "ஒரு வார்த்த."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அழுதேன். என் அழுகையைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. ஷெர்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜனவரி 12, திங்கள்

கீழே போய், "அவங்களுக்கே வீட்டை விடுங்கம்மா, நாங்க வேற பாத்துக்கறோம்" என்று சொன்னேன். "நீயில்லாம அந்தச் சின்னப் பொண்ணுங்களை நம்பி எப்படிம்மா?" என்றார். இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படியேறும்போது மனதில் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜனவரி 22, வியாழன்

நான்கு வீடு பார்த்தார்களாம். கல்யாணமாகாத பெண்கள் என்றதும் கதவு பாதிதான் திறக்கிறது. பழைய ஹாஸ்டலிலேயே ஒரு அறை கிடைத்திருக்கிறது. அதே வார்டன். இருவரும் என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்கிறார்கள். திட்டினால் தேவலை.

முகிலா காலையில் மறுபடியும் கல்லைப் பழக்க ஆரம்பித்திருக்கிறாள். போகப்போகிறவள் எதற்குப் பழக்குகிறாள்? எனக்காகத்தானோ என்று நினைத்தேன்.

ஜனவரி 31, சனி

காலையிலேயே ஆட்டோ வந்துவிட்டது. இரண்டு சூட்கேஸ், இரண்டு மெத்தை, ஒரு வாளி. சமையலறையில் எல்லாப் பாத்திரமும் மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தது.

"இதையெல்லாம் மறந்துட்டீங்களே" என்றேன்.

"மறக்கல எக்கா" என்றாள் ஷெர்லின். "ஹாஸ்டல்ல அடுப்பு பத்தவைக்க விடமாட்டாங்க, உங்களுக்குத் தெரியாதா? உங்க கல்யாணத்துக்கு வேற தனியா ஒண்ணும் தரல. இதுதான்."

முகிலா சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "கல்யாணத்துக்கு வந்துருவோமுங்கக்கா" என்றாள். அவளுடைய தோளில் கனமாக ஒரு துணிப்பை. ஏறும்போது அதை மட்டும் ஆட்டோக்காரரிடம் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வெள்ளையடிக்க ஆள் நாளைதான் வருகிறார். வீட்டில் நான் மட்டும். பெட்டிகளைப் பிரித்தேன்.

குக்கர் மூடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. "அன்பளிப்பு: முகிலா – ஷெர்லின்." இட்லிப் பானையில் வெட்டியிருந்தது. நான்கு தட்டிலும். புட்டுக்குட்டியில், புதுத் தவாவின் பிடியில், கரண்டியில், ஜல்லிக் கரண்டியில், டீ வடிகட்டியின் விளிம்பில்கூட. ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போய் நின்று வெட்டி வந்திருக்கிறார்கள். பாசத்தில் செய்தார்களா கோபத்தில் செய்தார்களா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய பாத்திரங்கள். நான் உயிரோடிருக்கும் வரை உலை வைக்கும்போதும் டீ வடிகட்டும்போதும் இவர்கள் பேரைத் தொட வேண்டும். எவர்சில்வரில் காலத்துக்கும் நிற்கும் என்றல்லவா கடைக்காரர் சொன்னார்.

பசித்தது. கொஞ்சம் மாவு இருந்தது. தோசை ஊற்றலாம் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஆணிப் பக்கம் கை நீட்டினேன்.

ஆணி மட்டும்தான் இருந்தது.

மூன்று பெட்டியையும் மறுபடி கொட்டிப் பார்த்தேன். மேடைக்குக் கீழே பார்த்தேன். அப்புறம்தான் அந்தத் துணிப்பை நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் எனக்கு விட்டுவிட்டு, நான் கொடுத்த ஒன்றை மட்டும், அடுப்பே இல்லாத அறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியே இருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பாத்திரக் கடையில் நிற்கிறாளாம். குடம் எடுத்தாயிற்று, அண்டா எடுத்தாயிற்று.

"வேற எதாவது விட்டுப்போச்சாடி?"

"ஒரு தோசைக்கல் வாங்கிடும்மா."

"பழகின கல்லு அங்க இருக்குன்னியே?"

"அது என்னோடது இல்லம்மா" என்றேன். "முகிலாவோடது."